புற்றறிந்த கைகள்: இருளர் குலத்து மாசி சடையன், வடிவேல் கோபால் வாழ்க்கை வரலாறு

வில்லும் அம்பும் ஏந்திக் காட்டில் திரிந்த வேடர் ஒருவர், ஆகம விதி எதனையும் அறியாமலே இறைவனின் திருவருளுக்கு உரியவரானார் என்பது சைவ உலகம் போற்றும் வரலாறு. காளத்தி மலையில் தம் கண்ணையே பெயர்த்து அப்பிய திண்ணனாரை, 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பெருமான் அறுபத்து மூவருள் ஒருவராக, கண்ணப்ப நாயனாராக வைத்துப் போற்றினார். இன்றும் சிவாலயங்களில் நாயன்மார் வரிசையை வலம் வரும் அன்பர்கள், அந்தணர்க்கும் அரசர்க்கும் நடுவே அவ்வேடர்க்கும் கைகூப்புகின்றனர். காட்டு மக்களை நம் சமயம் தாழ்வாகக் கருதவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை. ஆயினும் கல்லில் வடித்த வேடரை வணங்கும் நாம், கண்ணெதிரே வாழும் வேடரை எவ்வாறு நடத்தி வந்துள்ளோம் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

அம்மன் வழிபாட்டில் புற்றுக்கு உள்ள இடத்தை அன்பர்கள் நன்கு அறிவர். புற்றே அம்மனின் முதற்கோயில் என்பது மரபு. நாகம் அன்னைக்குக் குடையாகிறது. ஆடி மாதத்தில் புற்றுக்குப் பால் வார்த்து, மஞ்சளும் குங்குமமும் சாத்திப் பெண்கள் நோன்பு நோற்கின்றனர். தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து கப்பலேறிப் பினாங்குக் கரையில் இறங்கிய நம் முன்னோர், இவ்வழிபாட்டையும் உடன் கொண்டு வந்தனர். 1833ஆம் ஆண்டு முதல் குயின் ஸ்திரீட்டில் நிலைபெற்று விளங்கும் அருள்மிகு மகா மாரியம்மன் திருக்கோயில், அப்பற்றுக்கு அழியாச் சான்றாகும்.

பாம்பு பால் அருந்தும் உயிரினம் அன்று என்றும், புற்றைக் கட்டுவது பாம்பன்று, கரையானே என்றும் உயிரியல் வல்லுநர் கூறுவர். நாம் வார்க்கும் பால், நம் அன்புக்கும் அச்சத்துக்கும் நாமே கொடுத்துக்கொண்ட வடிவம். அவ்வாறாயின் புற்றுக்குள் உண்மையில் நிகழ்வது என்ன? அதனை ஏடுகளால் அன்றிக் கையாலும் கண்ணாலும் அறிந்த மக்கள் தமிழ்நாட்டில் உளர். அவர்களே இருளர். அக்குலத்தில் தோன்றி உலகப்புகழ் எய்திய மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகிய இருவரின் வாழ்வையும், அவர்களை உருவாக்கிய மரபையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இருளர் எனும் இயற்கையின் மாணவர்

செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம் முதலிய மாவட்டங்களின் ஏரிக்கரைகளிலும், புதர்க்காடுகளை ஒட்டிய புறம்போக்கு நிலங்களிலும் இருளர் சிறுசிறு குடியிருப்புகளாக வாழ்கின்றனர். தமிழ்நாட்டுப் பழங்குடியினருள் மிகவும் நலிந்த நிலையில் உள்ளவை என அரசு வகுத்துள்ள ஆறு இனங்களுள் இருளரும் ஒருவர். கிழங்கு அகழ்தல், தேன் எடுத்தல், ஈசல் பிடித்தல், வயல் எலி பிடித்தல், மூலிகை பறித்தல் ஆகியன அவர்களின் வழிவழித் தொழில்கள். பாம்பு பிடிப்பது அவற்றுள் தலையாயது.

இத்தொழிலை அவர்கள் தனியாளாகச் செய்வது அரிது. கணவனும் மனைவியும் இணைந்தே காட்டுக்குச் செல்வர். பிள்ளைகளும் பின்தொடர்வர். ஒரு சிறு கடப்பாரை, ஒரு துணிப்பை ஆகியனவே அவர்கள் கைக்கொள்ளும் கருவிகள். வேலியோரத்து மணலில் படிந்த மெல்லிய தடம், முள்ளில் சிக்கிய பாம்புச் சட்டை, வளையின் வாயில் பளபளக்கும் மண், எச்சம் ஆகியவற்றைக் கண்டே உள்ளிருப்பது எவ்வகைப் பாம்பு, அது சென்று எத்தனை நேரம் ஆயிற்று என்பவற்றைக் கணித்துவிடுவர். பிறர் கண்ணுக்கு வெறும் தரையாகத் தோன்றுவது, இருளர் கண்ணுக்கு எழுதி வைத்த ஏடாகும்.

இக்கல்விக்குப் பள்ளிக்கூடம் இல்லை. தந்தையின் காலடி பார்த்து மகன் நடப்பதே பாடம். தாய் கைகாட்டும் இடத்தில் மகள் குனிந்து நோக்குவதே தேர்வு. மாசி சடையனும் வடிவேல் கோபாலும் பெற்ற கல்வி இதுவே. ஒரு தவறு நேரினும் உயிர் போகும் தொழிலில், பெற்றோர் பிள்ளைக்கு முதலில் கற்பிப்பது துணிவை அன்று, பொறுமையை. பாம்பைச் சினமூட்டாமல், அஞ்ச வைக்காமல், அதன் போக்கிலேயே விட்டுக் கைப்பற்றும் பக்குவம் அத்தகைய பொறுமையால் அமைவது. ஆதலால், இருளர் இல்லறத்தையும் இருளர் தொழிலையும் பிரித்துப் பார்க்க இயலாது. குடும்பம் குலைந்தால் கலை அழியும். கலை அழிந்தால் குடும்பம் பட்டினி கிடக்கும்.

தோல் வாணிகமும் சட்டமும்

“கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தாற்போல” என்பது நம் பழமொழி. இருளரின் உழைப்புக்கும் அந்நிலையே நேர்ந்தது. மேலை நாடுகளில் பாம்புத் தோலால் ஆன கைப்பைக்கும் காலணிக்கும் விருப்பம் மிகுந்த காலத்தில், சென்னைத் தோல் வாணிகத்துக்குப் பாம்பு பிடித்துத் தந்தவர்கள் இருளரே. உயிரைப் பணயம் வைத்துப் பிடித்தவர்க்குக் கிட்டியது சிறுதொகை. பொருள் குவித்தவர்கள் வேறு சிலர்.

1972ஆம் ஆண்டில் இந்திய அரசு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. அடுத்த சில ஆண்டுகளில் பாம்புத் தோல் ஏற்றுமதியும் தடை செய்யப்பட்டது. பாம்பினம் அழியாமல் காத்த அச்சட்டம் நற்சட்டமே என்பதில் ஐயமில்லை. பாம்பு குறைந்தால் எலி பெருகும். எலி பெருகினால் களஞ்சியம் வெறுமையாகும். ஆனால் நேற்று வரை தொழிலாக இருந்தது இன்று குற்றமானபோது, வேறு நிலமோ கல்வியோ இல்லாத இருளர் குடும்பங்கள் செய்வதறியாது திகைத்தன. செங்கற்சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் முன்பணம் பெற்றுக் கொத்தடிமைகளாகச் சிக்கிய இருளர் குடும்பங்களின் துயரத்தைத் தமிழகம் நன்கறியும். பாம்பைக் காத்த சட்டம் பாம்பறிந்த மனிதனை மறந்தது என்று கூறினும் தவறாகாது.

நஞ்சே மருந்தாகிய கதை

இந்நிலையில் அவர்களுக்குத் துணை நின்றவர் ரோமுலஸ் விட்டேக்கர். அமெரிக்காவில் பிறந்து இந்தியாவைத் தாயகமாக ஏற்றவர். சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவியவர். 2018ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது பெற்றவர். பாம்புகளைப் பற்றித் தாம் அறிந்தவற்றுள் பெரும்பகுதியை இருளரிடமிருந்தே கற்றதாக அவர் பலமுறை கூறியுள்ளார். பாம்பைக் கொல்லாமல் அதன் நஞ்சை மட்டும் எடுத்து விற்றால், பாம்பும் பிழைக்கும், பிடிப்பவரும் பிழைப்பர், கடிபட்டவரும் பிழைப்பர் என்னும் எண்ணம் செயல்வடிவம் பெற்றது. 1978ஆம் ஆண்டில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில், முதலைப் பண்ணை வளாகத்தில் அது இயங்கி வருகிறது. ஆண்களோடு பெண்களும் அதில் உறுப்பினர்கள்.

சங்கத்தின் நடைமுறை எளியது, ஒழுங்குமிக்கது. ஆண்டுதோறும் எவ்வகைப் பாம்பு எத்தனை பிடிக்கலாம் என்பதற்கு அரசின் அனுமதி வேண்டும். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கே பிடிக்கப்படுவன. பிடித்த பாம்புகளை மணல் பரப்பிய மண்பானைகளில் இட்டு, வாயைத் துணியால் கட்டி வைப்பர். ஏறத்தாழ வாரத்துக்கு ஒருமுறை, மெல்லிய உறை போர்த்திய கண்ணாடிக் குவளையைக் கடிக்கச் செய்து நஞ்சைப் பெறுவர். மூன்று நான்கு வாரங்களுக்குப் பின், வயிற்றுச் செதிளில் சிறு அடையாளம் இட்டு, பாம்பை மீண்டும் காட்டிலேயே விட்டுவிடுவர். அடையாளம் உள்ள பாம்பு உடனே மறுபடி அகப்படின், அதனைத் துன்புறுத்தாமல் விடுவது வழக்கம்.

உறையவைத்து உலர்த்திப் பொடியாக்கிய அந்நஞ்சு, மருந்து நிறுவனங்களுக்குச் செல்கிறது. அங்கே குதிரைகளுக்குச் சிறுசிறு அளவில் செலுத்தப்படுகிறது. குதிரையின் குருதியில் நஞ்சை எதிர்க்கும் ஆற்றல் தோன்றுகிறது. அக்குருதியிலிருந்து பிரித்தெடுப்பதே பாம்புக்கடி மருந்து. 1890களில் பிரெஞ்சு அறிஞர் ஆல்பர் கால்மெத் கண்டறிந்த இம்முறையே இன்றும் அடிப்படை. இந்தியாவில் செய்யப்படும் பாம்புக்கடி மருந்துக்கு வேண்டிய நஞ்சின் பெரும்பகுதியை நெடுங்காலமாக அளித்து வந்திருப்பது இந்தச் சிறு சங்கமே. ஒரு வட்டாரத்துப் பாம்பின் நஞ்சும் மற்றொரு வட்டாரத்துப் பாம்பின் நஞ்சும் தன்மையில் வேறுபடுவதால், பிற மாநிலங்களிலும் இத்தகைய நிலையங்கள் வேண்டும் என அறிவியலார் வலியுறுத்துகின்றனர். அவ்வாறு அமையும் நாளிலும் வழிகாட்டியாக நிற்கப் போவது வடநெம்மேலியே.

இம்மருந்தின் அருமையை எண்களால் உணரலாம். 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் பாம்புக்கடியால் மாண்டனர் என்றும், ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் என்றும் 2020ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று மதிப்பிட்டது. அவருள் பெரும்பாலோர் சிற்றூர்களில் வாழ்ந்தவர்கள். வயலில் உழைக்கும் பருவத்தினர். ஒவ்வோர் இறப்புக்குப் பின்னும் ஒரு குடும்பம் நிற்கிறது என்பதை நினைவில் கொண்டால், இருளர் ஈட்டித் தரும் அச்சிறு பொடியின் மதிப்பு விளங்கும்.

இச்செய்தி பினாங்கு மக்களுக்குப் புதியதன்று. பாயான் லெப்பாஸ் அருகே உள்ள சீனர்களின் பாம்புக் கோயிலில் விரியன் பாம்புகள் அடைக்கலம் பெற்று வாழ்வதை யாவரும் அறிவர். பாம்புகளுக்குப் புகலிடம் தந்த ஒரு துறவியும் மருத்துவருமானவரின் நினைவில் எழுந்தது அக்கோயில். மேலும், 1950களில் பினாங்குப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர் அலிஸ்டர் ரீட், கடற்பாம்பு கடித்துத் துன்புற்ற மீனவர்களை ஆராய்ந்து உலகறிந்த நூலுரைகள் எழுதினார். அவர்தம் ஆய்வுக்கு உதவியவை நம் கடலோர மீனவர் வலைகளில் அகப்பட்ட பாம்புகளே. பினாங்குக் கடற்பாம்பின் நஞ்சைக் கொண்டே ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் கடற்பாம்புக்கடி மருந்து உருவானது. நோயை வென்ற அறிஞரின் பெயர் ஏட்டில் நின்றது. வலை வீசிய கைகளின் பெயர் நிற்கவில்லை. இருளர் வரலாற்றில் அக்குறை ஓரளவு நீங்கியது நம் காலத்தில்தான்.

கடல் கடந்த இருவர்

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் எவர்கிளேட்ஸ் என்னும் பெருஞ்சதுப்பு நிலம் உள்ளது. வீட்டில் வளர்ப்பதற்கென வாங்கப்பட்ட பர்மிய மலைப்பாம்புகள் தப்பியும் கைவிடப்பட்டும் அங்கே பெருகின. 2012ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வின்படி, அவை பரவிய பகுதிகளில் ரக்கூன் முதலிய சிறு விலங்குகள் காணப்படுவது 90 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்துவிட்டது. 2016ஆம் ஆண்டில் நடத்திய வேட்டைப் போட்டியில் ஏறத்தாழ 1,000 பேர் பங்கேற்று, ஒரு மாத காலத்தில் பிடித்தவை 106 பாம்புகளே.

அடுத்த ஆண்டு, அதாவது 2017 ஜனவரியில், புளோரிடாப் பல்கலைக்கழகமும் அம்மாநில வனவிலங்குத் துறையும் மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும் வரவழைத்தன. ஆங்கிலம் அறியாத, நடுவயது கடந்த இருவர். உடன் மொழிபெயர்ப்பாளர் இருவர். அந்நாட்டு வேட்டைக்காரர் வண்டியில் அமர்ந்து சாலையோரங்களில் தேடுவது வழக்கம். இவ்விருவரும் வண்டியை விட்டு இறங்கி, புல்லும் புதரும் மண்டிய இடங்களில் காலால் நடந்து, குனிந்து தரையை நோக்கினர். நுண்கருவி எதுவும் கேட்கவில்லை. ஏறத்தாழ ஒரு வாரத்தில் 13 மலைப்பாம்புகள் பிடிபட்டன. கீ லார்கோ தீவில் கைவிடப்பட்ட பழைய ஏவுகணைத் தளமொன்றில் ஒரே நாளில் நான்கு அகப்பட்டன. அவற்றுள் ஒன்று 16 அடி நீளமுள்ள பெண்பாம்பு.

இதனை மந்திரம் எனக் கூறுவது எளிது. இருளர் அவ்வாறு கூறுவதில்லை. அவர்கள் அதுவரை கண்டிராத நிலம் அது. அறிந்திராத தாவரங்கள் நிறைந்தது. ஆயினும் பாம்பு எங்கே வெயில் காயும், எங்கே ஒளியும், எவ்வழியே திரும்பும் என்பன நிலம் மாறினும் மாறாதவை. தலைமுறை தலைமுறையாகத் தந்தையின் பின்னே நடந்து கற்ற பாடம், ஏழு கடல் கடந்தும் பொய்க்கவில்லை. வியந்து நின்றவர்கள் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள். செங்கல்பட்டின் புதர்க்காட்டில் கற்ற கல்வியும் கல்வியே என்பதை உலகம் அன்று ஒப்புக்கொண்டது.

குடியரசு மாளிகையில்

2023ஆம் ஆண்டுக் குடியரசு நாளையொட்டி அறிவிக்கப்பட்ட விருதுப் பட்டியலில், சமூகப் பணிக்கான பத்மஸ்ரீ விருது இவ்விருவருக்கும் இணைத்து வழங்கப்பட்டது. தாமும் பழங்குடிச் சந்தால் இனத்தில் தோன்றியவரான குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு அவ்விருதை அளித்தார் என்பது கருதத்தக்கது. காட்டில் பிறந்த ஒருவர் கையால் காட்டில் வளர்ந்த இருவர் பெற்ற சிறப்பு அது.

விருது இருவர் பெயரில் வந்தாலும், அதன் பங்குரிமை பெரிது. கையில் விரலிழந்தும் தொழிலைக் கைவிடாத மூத்தோர்க்கும், துணிப்பையின் வாயை விரித்துப் பிடித்துக் கணவனின் உயிரைத் தன் கைக்கவனத்தில் காத்த மனைவியர்க்கும் அதில் பங்குண்டு. அரசு அனுமதி வரத் தாமதமாகி வருமானமின்றிக் காத்திருந்த ஆண்டுகளிலும் களவாகப் பாம்பு பிடிக்காமல் சட்டத்தை மதித்து நின்ற உறுப்பினர்களின் நேர்மைக்கும் அதில் பங்குண்டு.

மாசி மகமும் கன்னியம்மனும்

இருளரின் குலதெய்வம் கன்னியம்மன். சப்த கன்னியரை அவர்கள் அப்பெயரால் வணங்குவர். ஆண்டுதோறும் மாசி மகத்தையொட்டிய முழுநிலவு நாளில், தமிழகத்தின் வடமாவட்டங்களிலிருந்து இருளர் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் மாமல்லபுரக் கடற்கரைக்கு வந்து கூடுவர். சேலைகளையும் துணிகளையும் கட்டிக் கூடாரமாக்கி, மணலிலேயே தங்குவர். விடியற்காலையில் கடலலை தொடும் இடத்தில் மணலால் படிகள் அமைத்து, பூவும் பழமும் மஞ்சளும் படைத்து அன்னையை வழிபடுவர். பிள்ளைகளுக்கு முடியிறக்குவதும், காது குத்துவதும், திருமணம் பேசி முடிப்பதும், தாலி கட்டுவதும் அங்கேயே நிகழும். கோபுரம் இல்லை, கருவறை இல்லை, அலையே அபிடேகம். காடுகளில் சிதறிக் கிடக்கும் ஓரினம், தன்னைத் தானே குடும்பமாகக் கண்டுகொள்ளும் நாள் அது. மாசி சடையன் என்னும் பெயரின் முதற்சொல்லே அத்திங்களை நினைவூட்டுவது.

அதே மாசி மகத்தைப் பினாங்கில் தெலுக் பஹாங் சிங்கமுகக் காளியம்மன் ஆலயத்தார் கடற்கரையில் சிறப்புறக் கொண்டாடுகின்றனர். அவ்வலையோரம் விளக்கேந்தி நிற்கும் அன்பர்கள், வங்கக் கடலின் மறுகரையில் அதே நிலவின் கீழ் இருளர் பெண்ணொருத்தி மணற்படி அமைத்துக் கொண்டிருப்பதை மனத்தால் காண்பார்களாக.

எஞ்சி நிற்கும் கடமை

இருளர் பிள்ளைகள் இன்று பள்ளிக்குச் செல்கின்றனர். இது பெரிதும் மகிழத்தக்கது. அவர்கள் மருத்துவராகவும் ஆசிரியராகவும் உயர வேண்டும். ஆயின் காலையில் பள்ளிக்குச் செல்லும் பிள்ளை, தந்தையின் பின்னே காட்டுக்குச் செல்ல இயலாது. இருபது முப்பது ஆண்டுகளில் தரையைப் படிக்கும் கண்கள் அருகிவிடலாம் என்னும் அச்சம் பொருளற்றதன்று. சாதிச் சான்றிதழுக்கும் வீட்டுமனைப் பட்டாவுக்கும் இன்றும் பல இருளர் குடும்பங்கள் நெடுநாள் அலைய வேண்டியுள்ளது. பத்மஸ்ரீ பெற்ற குலத்தின் பிள்ளைக்குப் பள்ளியில் சேரச் சான்றிதழ் கிட்டாத நிலை நீடிப்பின், விருதின் பெருமை முழுமை பெறாது.

பள்ளிக் கல்வியும் காட்டுக் கல்வியும் ஒன்றையொன்று அழிக்க வேண்டியதில்லை. இருளரின் அறிவைப் பல்கலைக்கழகங்கள் முறையாகப் பதிவு செய்து, அதனைக் கற்பிக்கும் ஆசிரியர்களாக அவர்களையே அமர்த்தி, உரிய ஊதியம் அளிப்பின், மகன் பட்டம் பெறுவதும் தந்தையின் கலை நிலைப்பதும் ஒருங்கே கைகூடும். புளோரிடா நாடித் தேடிய அறிவைத் தமிழகம் தன் வாசலில் இழந்துவிடக் கூடாது.

புற்றுக்குப் பால் வார்க்கும் கைகள் புனிதமானவை. அப்புற்றுக்குள் கைவிட்டு, உயிர் கொல்லும் நஞ்சை உயிர் காக்கும் மருந்தாக்கித் தந்து, பாம்பையும் உயிரோடு காட்டுக்கே திருப்பி அனுப்பும் கைகள் அவற்றினும் குறைந்தவை அல்ல. அடுத்த முறை அன்னையின் திருமுடிமேல் குடையாய் விரிந்த நாகத்தை வணங்கும்போது, மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும், அவர்களோடு பெயர் தெரியாத இருளர் பெருமக்களையும் நன்றியோடு நினைவுகூர்தல் நம் கடனாகும். நாயன்மார் வரிசையில் வேடரை அமர்த்திய சமயத்துக்கு அதுவே பொருத்தமான ஒழுக்கம்.

அன்னை மாரியம்மன் அருளால் அக்குலம் தழைப்பதாக.